கியரில் இறங்குவதா, பிரேக்கில் இறங்குவதா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் "இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டாதீர்கள், கியரில் இறக்குங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். மீதி இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். திட்டு பாதி, சந்தேகம் பாதி. சரி, இந்த முறை மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் பார்த்துவிடுவோம்.

கேள்வி: எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தந்தவர், "நிற்பதற்குப் பிரேக், போவதற்குக் கியர், இரண்டையும் குழப்பாதீங்க" என்பார். என் மாமனார் நாற்பது வருடமாக வண்டி ஓட்டுபவர். பிரேக்கைத் தொடுவதே பாவம் என்பதுபோல, தூரத்தில் சிக்னலைப் பார்த்தாலே நாலு, மூணு, ரெண்டு என்று கியரைக் குறைத்துக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பாடம் வேறு. இவர்களில் யார் சொல்வது சரி? (இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்)

பதில்: ஆளுக்கொரு சாலையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அதுதான் சிக்கல். உங்களுக்குச் சொல்லித்தந்தவர் சொல்வது சமதளச் சாலைக்கு. மாமனார் கற்றுக்கொண்டது அநேகமாக நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டர் கிடையாது, தண்ணீரில் நனைந்தால் பாதிதான் பிடிக்கும் என்றிருந்த காலத்து வண்டியில். அதில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, கியரையும் சேர்த்துத்தான் வண்டியை நிறுத்தியாக வேண்டும். வண்டி மாறிவிட்டது, கால் பழக்கம் மாறவில்லை.

இன்றைய காரில், சமதளத்தில், சிக்னலில் நிற்க வேண்டும் என்றால் பிரேக்கை மிதியுங்கள். இதில் தத்துவம் ஒன்றுமில்லை, வெறும் செலவுக் கணக்குதான். பிரேக் பேட் தேய்வதற்காகவே செய்த பொருள், சக்கரத்தைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும், மாற்றுவது சின்ன வேலை. கிளட்ச் பிளேட் அப்படியில்லை, கியர்பாக்ஸையே இறக்கினால்தான் அதைக் கண்ணால் பார்க்க முடியும். கியரைக் குறைத்து, கிளட்சைப் பாதியில் விட்டுப் பிடித்து, அந்த இழுப்பில் வண்டியை மெதுவாக்கும்போது தேய்வது அந்த பிளேட்தான். சின்னச் செலவை மிச்சம் பிடிக்கப் பெரிய செலவை இழுத்துவிடுவது என்ன சிக்கனம் என்று மாமனாரிடம் கேட்க வேண்டாம், மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் செய்வதில் ஒரு பாதியை நீங்கள் கட்டாயம் திருடிக்கொள்ள வேண்டும். தூரத்தில் சிவப்பைப் பார்த்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறாரே, அது. கியரை மாற்றாமல், கிளட்சைத் தொடாமல், இருக்கிற கியரிலேயே வண்டியை வரவிட்டால் என்ஜினே அதை மெல்லப் பிடித்து இழுக்கும். கடைசிக் கொஞ்சத்துக்குப் பிரேக், என்ஜின் உதறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கிளட்ச், அவ்வளவுதான். இதில் எதுவும் தேயாது.

இனி மலைப்பாதைக்கு வருவோம், மாமனார் ஜெயிக்கும் இடம் இது. பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி, அதற்கு வேறு வித்தை தெரியாது. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக்குகள் விழுங்கும் சூடு சுமார் 580 கிலோஜூல். அதே கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது எங்காவது கரைத்தாக வேண்டிய ஆற்றல் 7,300 கிலோஜூலுக்கு மேல். நூறில் போய்ச் சடாரென்று நிற்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை செய்வதற்குச் சமம் இது. இன்னொரு விதமாகச் சொன்னால், 20 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. டயர் உருள்வதிலும் காற்றைத் தள்ளுவதிலும் ஒரு பங்கு போய்விடும், உண்மைதான், ஆனால் வளைவும் நெளிவுமான பாதையில் மெதுவாக இறங்கும் வண்டிக்குக் காற்று பெரிதாக உதவி செய்வதில்லை. மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும், நீங்கள் என்ஜினுக்கு அதில் பங்கு கொடுக்காவிட்டால்.

அந்தச் சூடு என்ன செய்யும்? பேடில் உள்ள பிசின் சூட்டில் வாயுவாகக் கசிந்து பேடுக்கும் அது கவ்வும் தட்டான டிஸ்க்குக்கும் நடுவில் மெல்லிய படலம்போல நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். பின்சக்கரத்தில் டிரம் இருந்தால் அது சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகிப்போகும், பெடல் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். இவை இரண்டும்கூடப் பரவாயில்லை, மெல்ல மெல்லத்தான் வரும், உங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. ஆனால் இந்த ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர அளவில் கேட்கப்படும் கொதிநிலை முறையே 140, 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும்.

எனக்கு ஒரு முறை ஆனது. நண்பரின் கார், நீண்ட இறக்கம், நான் ரொம்ப ஜாக்கிரதையாக ஓட்டுகிறேன் என்ற நினைப்பில் டாப் கியரில் வைத்துக்கொண்டு பிரேக் பெடலின் மேல் காலை லேசாகப் பதித்தபடியே வந்தேன். எதுவோ கருகுகிற வாடை வந்தது. முன்னால் போகும் லாரியிலிருந்துதான் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன், என் வண்டியின் வாடை அது என்று தோன்றவே இல்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு மூன்று தரம் வேகமாக விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடிப்பு வந்தது, மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிட்டேன். முன்சக்கரத்திலிருந்து புகை. தண்ணீர் ஊற்றலாமா என்று நண்பர் கேட்டார், நல்லவேளை ஊற்றவில்லை, பழுக்கச் சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வளையலாம், விரிசல்கூட விடலாம். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மிச்சத்தை இரண்டாவது கியரில் இறங்கினோம். ஆயிலை மாற்றி நாலு வருடம் ஆகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் சரி.

ஆக, இறக்கத்தில் வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது கியரின் வேலை. அதையும் மீறி வேகம் கூடும்போது நன்றாக அழுத்தி, வேண்டிய வேகத்துக்குப் பத்து கிலோமீட்டர் கீழே கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி கூடட்டும், மறுபடி அழுத்துங்கள். நடுவில் கிடைக்கும் அந்தச் சில நொடிகளில் டிஸ்க் காற்று வாங்கும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் மோசம், அதற்கு நானே சாட்சி.

கேள்வி: எந்த கியரில் இறங்க வேண்டும் என்று யாருமே தெளிவாகச் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: "எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு" என்பது பழைய டிரைவர்கள் சொல்வது. நல்ல விதிதான், ஆனால் இப்போதைய டர்போ என்ஜின்கள் நாலாவதிலேயே அலட்சியமாக ஏறிவிடுகின்றன, அதே நாலாவதில் இறங்கினால் வண்டி உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஏறும் கியருக்கு ஒன்று கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கியரா என்பதற்கு அடையாளம் இதுதான்: இரண்டு வளைவுகளுக்கு நடுவில் உள்ள தூரம் முழுக்க ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் தொடாமல் வர முடிகிறதா? முடிந்தால் சரியான கியர். பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தால் இன்னும் ஒன்று குறையுங்கள். கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: என்ஜின் என்பது வண்டியை ஓட்டத்தானே இருக்கிறது, அது எப்படிப் பிடித்து நிறுத்தும்? பிஸ்டன் காற்றை அமுக்குவதால்தான் என்று ஒரு நண்பர் சொன்னார்.

பதில்: நண்பர் பாதி சரி, பெட்ரோல் என்ஜினில் அந்தப் பாதியும் இல்லை. அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி, அமுக்கும்போது வாங்கிக்கொண்டதில் பெரும்பகுதியை அடுத்த அடியில் பிஸ்டனைத் தள்ளித் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் என்ஜினில் நடப்பது அதுதான். காற்று வரும் வழியில் உள்ள தட்டு மூடிக்கொள்கிறது, ஆனால் சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பிஸ்டனும் மூடிய வாயிலிருந்து காற்றை உறிஞ்சப் போராடுகிறது. அந்தப் போராட்டத்துக்கான உழைப்பை வண்டியின் ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கூடவே பேரிங், பிஸ்டன் வளையம், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப் என்று எல்லாவற்றின் உராய்வும் சேரும். இந்தச் சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே போய்விடும், அதற்கென்றே செய்த ஏற்பாடுகள் அவை, எவ்வளவு நேரமானாலும் களைக்காது.

சின்ன கியரில் ஏன் அதிகமாகப் பிடிக்கிறது என்றால், ஒன்று, என்ஜின் நிமிடத்துக்கு அதிகத் தடவை சுற்றுகிறது, அத்தனை தடவை அந்த உறிஞ்சல். இரண்டு, அந்த இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும்போது கியர் நெம்புகோல்போல அதைப் பெருக்குகிறது. இரண்டும் சேர்வதால்தான் நாலாவதுக்கும் இரண்டாவதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

கேள்வி: நான் லாரி ஓட்டுபவன். டீசல் என்ஜினில் நீங்கள் சொல்லும் பிடிப்பு அவ்வளவாக இல்லையே சார்? எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால்தான் வண்டி அடங்குகிறது.

பதில்: உங்கள் கை சொல்வது சரி. டீசலில் காற்றை அடைக்கும் தட்டை வேகத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்துவதில்லை, காற்று தாராளமாக உள்ளே வரும், ஆக்ஸிலரேட்டர் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவைத்தான். உள்ளே வந்த காற்றை அமுக்கினால் அது ஸ்பிரிங்போலத் திருப்பித் தள்ளிவிடுகிறது. அதனால்தான் வெளியே போகும் புகைக்குழாயில் ஒரு கதவை வைத்து அடைத்தார்கள், நீங்கள் சொல்லும் எக்ஸாஸ்ட் பிரேக் அது. பிஸ்டன் புகையை வெளியே தள்ள முடியாமல் முக்கும்.

இதைவிடப் பலமான ஒன்று உண்டு, அதன் கதையும் நல்ல கதை. 1931-ல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற டீசல் என்ஜின் தயாரிப்பாளர், தன் என்ஜின் பொருத்திய லாரியில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது. கீழே ரயில் பாதை, அதில் ரயில் போய்க்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி கடந்துபோன கையோடு இவர் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. அந்தப் பயம் அவரை விடவில்லை. பல வருடம் கழித்து அவர் யோசித்தது எளிமையான விஷயம்: பிஸ்டன் காற்றை முழுக்க அமுக்கி முடிக்கும் அந்தக் கணத்தில் வால்வைத் திறந்து அமுக்கிய காற்றை வெளியே விட்டுவிட்டால்? ஸ்பிரிங் திருப்பித் தள்ள வழியில்லை, அமுக்கிய உழைப்பு மொத்தமும் வண்டிக்கு நஷ்டம், அதாவது நமக்கு லாபம். 1961-ல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, இன்றும் 'ஜேக் பிரேக்' என்றுதான் பேர். பெரிய லாரிகள் இறக்கத்தில் படபடவென்று சுடுகிற மாதிரி சத்தம் போடுவது அதனால்தான்.

உங்களுக்கு இன்னொரு கணக்கு. 40 டன் வண்டி, 6 சதவீத இறக்கம், 30 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒவ்வொரு நொடியும் கரைக்க வேண்டியது கிட்டத்தட்ட 200 கிலோவாட். இரண்டு கிலோவாட் தண்ணீர் ஹீட்டர் நூறை ஒன்றாகப் போட்டதற்குச் சமம், இறக்கம் முடியும்வரை. வேகத்தை 60 ஆக்கினால் 400 கிலோவாட். மலையடிவாரம் போய்ச் சேரும்போது மொத்தச் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதை ஆற வைக்கக் கிடைத்த நேரம் பாதியாகிவிட்டது. மெதுவாக இறங்கு என்று பெரியவர்கள் சொன்னதில் பயத்தைவிட இந்தக் கணக்குதான் அதிகம்.

ஒன்று மட்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாரம் ஏற்றிய லாரியில் இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்க முயன்று, சின்ன கியர் விழாமல், விட்ட கியருக்கும் திரும்ப முடியாமல் நியூட்ரலில் நின்றுபோனால், அப்புறம் கையில் மிச்சம் இருப்பது ஏற்கனவே சூடான பிரேக் மட்டும்தான். அதனால் உச்சியிலேயே நிறுத்தி, கியரைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று முப்பது வருடமாகச் செய்துவருகிறேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: முப்பது வருடம் ஒன்றும் ஆகாததற்கு வாழ்த்துகள். பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்தில் ஓரளவு உண்மை, ஏனென்றால் அதில் கியரில் இறங்கினாலும் என்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வந்தபிறகு கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டால், என்ஜின் சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கீழே இறங்கும்வரை இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரம் என்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோல் எதற்கு? நியூட்ரலில் போட்ட உடனே என்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரியும், என்ஜின் அளவைப் பொறுத்து. இறக்கத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, செலவழிக்கிறீர்கள்.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கியரில் விட்டால் வண்டி நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால் மட்டும் உருளும் என்கிற மிக லேசான சரிவில் உங்கள் கணக்கு கொஞ்சம் வெல்லலாம். அந்தக் கொஞ்சத்துக்காக வேண்டாம் என்பது என் கட்சி.

என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் கோபமாகவே சொல்கிறேன். என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். எதற்கு? ஒரு கைப்பிடி பெட்ரோலுக்கு.

கேள்வி: கியரைக் குறைத்தால் என்ஜின் அலறுகிறது, கெட்டுப்போகாதா?

பதில்: மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் பெட்ரோல் என்ஜின் பாடுவது அதற்கு ஒரு வேலையே இல்லை, மீட்டரில் எல்லை காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே. எரிதல் இல்லாமல் வெறுமனே சுற்றுவதால் பாரமும் குறைவு. சத்தத்துக்குப் பயந்து பெரிய கியருக்குப் போய்விடாதீர்கள்.

உண்மையான ஆபத்து கை தவறும்போதுதான். ஐந்தாவதில் 3,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது நாலாவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்து கிளட்சையும் விட்டுவிட்டால், கியர் விகிதத்தைப் பொறுத்து என்ஜின் 7,000-க்கு மேலே எகிறிவிடும். என்ஜின் அதிகம் சுற்றாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதே என்பார்கள். அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், இங்கே சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்தால் என்ஜினைப் பிரித்தாக வேண்டும். ஒவ்வொரு கியராக இறக்குங்கள், முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் கியர். கிளட்சை விடுவதற்கு முன் ஆக்ஸிலரேட்டரை ஒரு சின்னத் தட்டு தட்டி என்ஜின் சுற்றை ஏற்றிவிட்டால் வண்டி குலுங்காது, பிளேட்டும் தேயாது. நாலு நாள் பழகினால் கால் தானாகச் செய்யும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டியில் இதெல்லாம் எப்படி அண்ணா? டி-யில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: லீவர் பக்கத்தில் எல் (L), 2, எஸ் (S), பி (B, பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஏதாவது எழுதியிருக்கும், அல்லது பிளஸ் மைனஸ் இருக்கும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்புபோல இரண்டு இருக்கும். அவை அலங்காரத்துக்கு இல்லைம்மா. டி-யிலேயே விட்டால் கணினி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற நினைப்பில் பெரிய கியருக்கே போய்க்கொண்டிருக்கும், சில வண்டிகள் மட்டும் இறக்கத்தைப் புரிந்துகொண்டு தானாகக் குறைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டி-யிலிருந்து எல்-லுக்கோ எஸ்-ஸுக்கோ மாற்றலாம், என்ஜின் தாங்காத வேகம் என்றால் கியர்பாக்ஸே மறுத்துவிடும் அல்லது தாமதிக்கும். ஆனால் தப்பித்தவறியும் என்-னில் போடாதீர்கள், அது நியூட்ரல்.

கேள்வி: பைக்கில்?

பதில்: பைக்கில் என்ஜின் பிடிப்பு பின்சக்கரத்துக்கு மட்டும்தான் போகிறது, அதை மறக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் ஏற்கனவே லேசாகிவிட்டிருக்கும், அந்த நேரத்தில் இரண்டு கியரைச் சேர்த்துக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால் அது துள்ளும், ஈரத்தில் வழுக்கி வாலை ஆட்டும். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், ஏபிஎஸ் தளர்த்துவது பிரேக்கை, என்ஜினின் இழுப்பை அல்ல. ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள பைக்குகளில் அந்த இழுப்பு அளவு மீறினால் கிளட்சே கொஞ்சம் வழுக்கிக்கொடுத்துக் காப்பாற்றும். இல்லாதவர்கள் கையால்தான் மெதுவாக விட வேண்டும், வளைவுக்குள் சாய்ந்தபிறகு கியரைத் தொடாதீர்கள். பின்சக்கரத்தால் ஓடும் கார்களுக்கும் ஈரச் சாலையில் இதே எச்சரிக்கை.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: அதில் என்ஜின் பிடிப்பே குறைவு. போதாததற்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டியில், திராட்டிலை மூடியபடி நீண்ட தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயிலும் போகாது. சாப் என்ற கார் நிறுவனம் தன் டூ ஸ்ட்ரோக் கார்களில், காலை எடுத்ததும் என்ஜின் சக்கரத்திலிருந்து விடுபடும்படி ஓர் ஏற்பாடே வைத்திருந்தது இதற்காகத்தான். நீங்கள் இறக்கத்தில் அவ்வப்போது லேசாகத் திராட்டிலைத் திருகிக் கொடுங்கள்.

கேள்வி: திடீரென்று குறுக்கே யாராவது வந்தால் கியரையும் குறைத்து, பிரேக்கும் மிதித்தால் சீக்கிரம் நிற்குமா?

பதில்: இல்லை. பிரேக், பிரேக், பிரேக் மட்டும், முழு பலத்தோடு. காய்ந்த தாரில் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் தரும் பிடிப்புக்கு முன்னால் என்ஜின் பிடிப்பு பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. அந்த நேரத்தில் கையையும் மூளையையும் கியருக்கு அனுப்பாதீர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் துடிக்கும், பயந்து விட்டுவிடாமல் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

கேள்வி: பிரேக்கே சுத்தமாகப் போய்விட்டால்?

பதில்: பெடலை வேகவேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், சில சமயம் அழுத்தம் திரும்ப வரும். அதோடு கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், இந்த நேரத்தில் கிளட்ச் தேய்கிறதே என்று பார்க்க வேண்டாம், மேலே சொன்ன சிக்கனப் பேச்செல்லாம் இங்கே செல்லாது. ஹேண்ட் பிரேக்கை, லீவர் வகையாக இருந்தால், பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். பட்டன் வகை என்றால் பல வண்டிகளில் இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் நிறுத்தும். ஹாரன், விளக்கு எல்லாம் போடுங்கள். என்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். லாரிகளுக்கென்று சில மலைப்பாதைகளில் சரளை கொட்டிய தப்பிக்கும் ஏற்றம் இருக்கும், வெட்கப்படாமல் அதில் ஏற்றிவிடுங்கள், வண்டியைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கியரில் வேகம் குறைத்தால் பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? சிவப்பு விளக்கு எரியாதே.

பதில்: எரியாது. நல்ல கேள்வி, பலர் யோசிப்பதில்லை. பின்னால் வண்டி ஒட்டி வந்தால் பெடலை லேசாகத் தொட்டு விளக்கை மட்டும் எரியவிடுங்கள், தொட்டதும் எடுத்துவிடுங்கள். மின்சாரக் கார்களில் இதற்கு விதியே உண்டு: காலை எடுத்ததும் மோட்டார் பிடிக்கும் பிடிப்பு ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைத்தால் பிரேக் விளக்கு தானாக எரிய வேண்டும் என்கிறது ஐ.நா. வாகன விதி.

கேள்வி: என்னிடம் இருப்பதே மின்சாரக் கார்தான். எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, சரிதானே?

பதில்: பாதி இல்லை. இறக்கத்தில் உங்கள் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, நாங்கள் சூடாக்கி வீணாக்குவதை நீங்கள் பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறீர்கள், பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மலை உச்சியில் தங்கி, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால் சேர்த்துவைக்க இடமில்லை. அப்போது மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும், கனமான வண்டி, மிச்சம் முழுவதும் பிரேக்கில் விழும். எண்பது, எண்பத்தைந்தில் நிறுத்திவிட்டு இறங்குங்கள். இன்னொன்று, மோட்டாரே எல்லாம் பார்த்துக்கொள்வதால் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கும். வாரத்துக்கு ஒரு தரம், பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நாலைந்து முறை நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள். லேசாக மிதித்தால் பல வண்டிகளில் அதையும் மோட்டாரே எடுத்துக்கொள்ளும், பேட் டிஸ்க்கைத் தொடாது.